சி.எஸ்.ஆர். ரசீது எஃப்.ஐ.ஆர். ஆகாது: காவல் நிலையப் படியை முதன்முறை ஏறுவோருக்கு ஒரு வழிகாட்டி

2024 செப்டம்பரில் ஓர் உறவினர் திருமணத்துக்குக் குடும்பத்தோடு சென்றிருந்த இரவில் எங்கள் வீட்டுப் பூட்டு உடைக்கப்பட்டது. நகைகளும் மடிக்கணினியும் அம்மாவின் கைப்பேசியும் போயிருந்தன. மறுநாள் காலையிலேயே காவல் நிலையம் சென்று புகார் கொடுத்தோம். எண் எழுதி முத்திரை குத்திய ஒரு சிறிய தாளைக் கொடுத்து, ‘கூப்பிடுவோம், போங்கள்’ என்றார்கள். அதைத்தான் எஃப்.ஐ.ஆர். எனப்படும் முதல் தகவல் அறிக்கை என்று நம்பி, கண்ணாடி உறையில் போட்டு பீரோவில் வைத்தேன். 41 நாள் கழித்து ஒரு வழக்கறிஞரிடம் காட்டியபோதுதான், அது சி.எஸ்.ஆர். எனப்படும் வெறும் மனு ரசீது என்பதும், வழக்கே பதிவாகவில்லை என்பதும், அதனால் புலனாய்வு என்ற ஒன்று தொடங்கவே இல்லை என்பதும் தெரிந்தது. அதற்குள் எதிர்க் கடையின் கேமராப் பெட்டி பழைய பதிவுகளின் மேலேயே புதியவற்றைப் பதிந்துவிட்டிருந்தது.

அந்த 41 நாள் உங்களுக்கும் வீணாகிவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். காவல் நிலையத்தில் உங்கள் கைக்கு வரும் ஒவ்வொரு தாளுக்குப் பின்னாலும் சட்டத்தில் ஒரு பிரிவும் ஓர் அதிகாரமும் ஒரு காலக்கெடுவும் இருக்கின்றன. கையிலுள்ள தாள் எது என்று தெரிந்துவிட்டால், அடுத்து என்ன கேட்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

1. பிரிவு எண்களையும் நான்கு சொற்களையும் தெரிந்துகொள்ளுங்கள்

2024 ஜூலை 1 முதல் மூன்று புதிய சட்டங்கள் நடைமுறையில் உள்ளன. இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவும் (பி.என்.எஸ்.), குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் (பி.என்.எஸ்.எஸ்.), சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்ஷ்ய அதினியமும் வந்துவிட்டன. ஆனால் நிலைய எழுத்தரும் வழக்கறிஞர்களும் இன்றும் பழைய எண்களையே வாய்ப்பழக்கமாகச் சொல்வார்கள். அவர்கள் ‘154’ என்றால் அது இன்றைய பி.என்.எஸ்.எஸ். 173, ‘156(3)’ என்றால் 175(3), ‘160’ என்றால் 179, ‘161’ என்றால் 180, ‘164’ என்றால் 183, ‘41ஏ’ என்றால் 35(3), ‘167’ என்றால் 187. இந்த வரியைத் தனியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கீழே ‘பிரிவு’ என்று நான் சொல்வதும் பி.என்.எஸ்.எஸ். எண்களையே. குற்றம் 2024 ஜூலை 1-க்கு முன் நடந்திருந்தால் தண்டனைப் பிரிவு பழைய சட்டப்படியே இருக்கும்.

இனி அந்த நான்கு சொற்கள். பிடியாணை வேண்டாக் குற்றம் என்றால், நீதிமன்ற உத்தரவுக்குக் காத்திராமல் காவல்துறையே வழக்குப் பதிந்து புலனாய்வு செய்யலாம், தேவையிருந்தால் கைதும் செய்யலாம். திருட்டு, கொள்ளை, கொடுங்காயம் போன்றவை பொதுவாக இந்த வகை. பிடியாணை வேண்டும் குற்றம் என்றால், நீதித்துறை நடுவரின் உத்தரவு இல்லாமல் காவல்துறையால் புலனாய்வைத் தொடங்கவே முடியாது. அவதூறு அப்படிப்பட்டது. அடுத்தது பிணையில் விடத்தக்க குற்றம். அதில் பிணை உங்கள் உரிமை. கடைசியாகப் பிணையில் விட இயலாத குற்றம். இந்தப் பெயரைக் கேட்டதுமே பலர் நொறுங்கிப்போகிறார்கள். பிணையே கிடைக்காது என்பதல்ல அதன் பொருள்; கொடுப்பதா வேண்டாமா என்பதை நீதிமன்றம் முடிவு செய்யும் என்பதுதான்.

2. புகாரை வீட்டிலேயே எழுதிக்கொண்டு செல்லுங்கள்

நிலையத்தில் நின்றுகொண்டு பதற்றத்தில் எழுதும் புகாரில் முக்கியமான ஏதாவது ஒன்று விடுபட்டே தீரும். எங்கள் முதல் புகாரில் கைப்பேசியின் ஐ.எம்.இ.ஐ. எண்ணை நான் எழுதவில்லை. அதைத் தேடுவதற்கான ஒரே பிடி அந்த 15 இலக்க எண்தான். அது வாங்கிய பெட்டியின் மேலும் ரசீதிலும் அச்சிடப்பட்டிருக்கும்.

புகாரைத் தமிழிலேயே எழுதலாம். முத்திரைத் தாளோ கட்டணமோ தேவையில்லை. என்ன நடந்தது, எந்த நாளில், எந்த நேரத்துக்கும் எந்த நேரத்துக்கும் இடையில், எங்கே, யார் பார்த்தார்கள், என்னென்ன போயின, அவற்றின் எடையும் மதிப்பும் என்ன என்பதை வரிசையாக எழுதுங்கள். சந்தேகத்தைச் சந்தேகம் என்றே எழுதுங்கள். தெரியாத ஒருவரைக் குற்றவாளி என்று உறுதியாக எழுதிவிட்டால், பின்னாளில் குறுக்கு விசாரணையில் அதுவே உங்களைத் திருப்பி அடிக்கும். அடையாளச் சான்று நகல், நகை ரசீதுகள், நகை அணிந்திருக்கும் பழைய புகைப்படங்கள் ஆகியவற்றை இணையுங்கள். எல்லாவற்றிலும் இரண்டு படிகள் இருக்கட்டும். உங்கள் படியில் பெறப்பட்ட தேதியும் கையெழுத்தும் முத்திரையும் வாங்காமல் வெளியே வராதீர்கள். அருகில் கண்காணிப்புக் கேமரா இருந்தால் அதன் இடத்தைப் புகாரிலேயே குறிப்பிட்டு, பதிவு அழிவதற்குள் கைப்பற்றுமாறு எழுத்தில் கேளுங்கள்.

மின்னணு வழியாகவும் தகவல் கொடுக்கலாம். ஆனால் 3 நாட்களுக்குள் நேரில் சென்று கையெழுத்திட்டால்தான் அது முதல் தகவலாகப் பதிவுக்கு எடுத்துக்கொள்ளப்படும். இணையத்தில் அனுப்பிவிட்டு வீட்டில் காத்திருப்பவர்கள் இந்த இடத்தில்தான் தவறவிடுகிறார்கள்.

3. கையில் கொடுத்த தாள் எது என்று பாருங்கள்

தமிழ்நாட்டில் புகார் கொடுத்ததும் பெரும்பாலும் முதலில் கிடைப்பது சி.எஸ்.ஆர். எனப்படும் சமுதாயப் பணிப் பதிவேட்டின் ரசீது. உங்கள் மனு வந்து சேர்ந்தது என்பதற்கு மட்டுமே அது சான்று. அதை வைத்துப் புலனாய்வு நடக்காது, குற்றப்பத்திரிகை வராது; திருட்டுக் காப்பீடு இருந்தாலும் நிறுவனங்கள் பொதுவாக அதை ஏற்பதில்லை. எஃப்.ஐ.ஆர். என்பது பிரிவு 173-இன் கீழ் பதிவு செய்யப்படும் அச்சிட்ட படிவம். அதன் தலைப்பிலேயே ‘முதல் தகவல் அறிக்கை’ என்று இருக்கும். குற்ற எண்ணும் ஆண்டும் இருக்கும். எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவுகள் என்று தனிக் கட்டத்தில் எழுதப்பட்டிருக்கும். பிரிவு எண் இல்லாத தாள் உங்கள் கையில் இருந்தால் வழக்கு இன்னும் பிறக்கவில்லை என்றே கொள்ளுங்கள்.

பிடியாணை வேண்டாக் குற்றம் நடந்ததாகத் தகவல் சொல்லும்போது வழக்குப் பதிவது காவல்துறையின் கட்டாயக் கடமை என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2013-இல் தீர்ப்பளித்தது. புதிய சட்டம் ஒரேயொரு இடைவெளி தந்திருக்கிறது: 3 ஆண்டு அல்லது அதற்கு மேல், ஆனால் 7 ஆண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய குற்றங்களில், துணைக் கண்காணிப்பாளர் நிலை அதிகாரியின் முன்அனுமதியோடு 14 நாட்களுக்குள் முடியும் முதற்கட்ட விசாரணை நடத்தலாம். ஆகவே ‘விசாரித்துவிட்டுப் பதிகிறோம்’ என்று சொன்னால், அந்த அனுமதி வாங்கப்பட்டுள்ளதா, 14 நாள் என்று முடிகிறது என்று பணிவாகக் கேளுங்கள். நாள்காட்டியில் அந்தத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

‘இது எங்கள் எல்லையில் வராது’ என்பது இன்னொரு பதில். எல்லை எதுவானாலும் தகவலைப் பதிய வேண்டும் என்று பிரிவு 173 இப்போது வெளிப்படையாகவே சொல்கிறது. இப்படிப் பதியப்படுவதைத்தான் ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்பார்கள், பதிந்த பிறகு உரிய நிலையத்துக்கு மாற்றி அனுப்புவது அவர்கள் வேலை.

எஃப்.ஐ.ஆர். தயாரானதும் அதை உங்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும். கையெழுத்திடும் முன் சம்பவ நேரம், பொருட்களின் பட்டியல், பெயர்களின் எழுத்துக்கள் ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். எங்கள் அறிக்கையில் ஆறரை சவரன் என்பது ஐந்தரை என்று விழுந்திருந்தது. அங்கேயே சுட்டிக்காட்டியதால் திருத்தினார்கள். தகவல் தந்தவருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ நகலை இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். நகலெடுக்கும் செலவு என்றுகூட யாரும் கேட்க இடமில்லை. பாலியல் குற்றம் போன்ற உணர்வுபூர்வமான வழக்குகள் தவிர மற்றவற்றின் அறிக்கையை 24 மணி நேரத்துக்குள் காவல்துறை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவைப் பக்கத்தில் மாவட்டம், நிலையம், குற்ற எண் ஆகியவற்றைக் கொடுத்துப் பார்க்கலாம்.

4. பதிய மறுத்தால் இந்த வரிசையை மாற்றாதீர்கள்

முதலில் புகாரின் சாரத்தை எழுத்தில், அஞ்சல் வழியாக மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்புங்கள். மாநகரமாக இருந்தால் காவல் ஆணையர் அலுவலகத்துக்கு அனுப்புங்கள். இது பிரிவு 173(4) தரும் வழி. விரைவு அஞ்சலில் அனுப்பிய ரசீதையும், சேர்ந்ததற்கான சான்றையும் பத்திரப்படுத்துங்கள். நேரில் கொடுத்தால் முத்திரையிட்ட படி வாங்குங்கள். அதன் பிறகும் அசைவில்லை என்றால், பிரிவு 175(3)-இன்படி நீதித்துறை நடுவரிடம் மனு செய்யலாம். அந்த மனுவோடு உறுதிமொழிப் பத்திரம் கட்டாயம். முந்தைய இரண்டு கதவுகளையும் தட்டியதற்கான தாள்கள் இல்லாமல் நேரே நடுவரிடம் போனால் மனு அங்கேயே நின்றுவிடும்.

செலவு என்று பார்த்தால் முதல் கட்டத்தில் அஞ்சல் செலவு மட்டும்தான். இரண்டாம் கட்டத்தில் வழக்கறிஞர் கட்டணமும், உறுதிமொழிப் பத்திரத்துக்கான சிறு செலவும் சேரும். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்போர் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பாராமல் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தரும். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. 15100 என்ற எண்ணில் அழைக்கலாம், அல்லது நீதிமன்ற வளாகத்திலுள்ள அலுவலகத்துக்கு நேரில் செல்லலாம்.

5. ‘ஸ்டேஷனுக்கு வாங்க’ என்றால், எந்த நோட்டீஸ் என்று கேளுங்கள்

வழக்குப் பதிவான பின் ஒரு நாள் காவலர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, அம்மாவை அழைத்து வரச் சொன்னார். அம்மாவுக்கு அப்போது 67 வயது. காலை பத்து மணியிலிருந்து மாலை நான்கு மணி வரை எழுத்தர் மேசைக்கு எதிரே இருந்த மர பெஞ்சில், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். மதியம் போட வேண்டிய சர்க்கரை மாத்திரை வீட்டிலேயே இருந்தது. அவர் அங்கே போயிருக்கவே வேண்டியதில்லை என்று எனக்குத் தெரிய வந்தபோது எழுந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

பிரிவு 179-இன்படி சாட்சியை அழைக்கும் ஆணை எழுத்தில் இருக்க வேண்டும். பெண்கள், 15 வயதுக்குக் குறைந்தோர், 60 வயதுக்கு மேற்பட்ட ஆண்கள், மாற்றுத் திறனாளிகள், கடும் நோயுற்றோர் ஆகியோரை அவர்கள் வசிக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் வரச் சொல்ல முடியாது. அவர்களாக விரும்பினால் மட்டுமே நிலையம் செல்லலாம். தொலைபேசி அழைப்பு வந்தால் மறுத்துச் சண்டையிட வேண்டாம். ‘அம்மாவுக்கு வயதாகிவிட்டது, 179-இன்படி வீட்டில் வந்து விசாரியுங்கள், ஒத்துழைக்கிறோம்’ என்று சொல்லி, அதையே ஒரு கடிதமாக எழுதி நிலையத்தில் கொடுத்துவிடுங்கள்.

பிரிவு 35(3) நோட்டீஸ் முற்றிலும் வேறு. அது சந்தேகத்துக்குள்ளானவருக்கு வருவது. அந்த எண்ணைப் பார்த்ததும் நீங்கள் வெறும் சாட்சி அல்ல என்பதைப் புரிந்துகொண்டு அன்றைக்கே வழக்கறிஞரைப் பாருங்கள். அதே நோட்டீஸ் ஒரு பாதுகாப்பும்கூட: குறித்த நாளில் ஆஜராகித் தொடர்ந்து ஒத்துழைத்தால், காரணத்தை எழுத்தில் பதிவு செய்யாமல் உங்களைக் கைது செய்ய முடியாது. பயத்தில் ஆஜராகாமல் இருந்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். போகும் நாளில் நோட்டீசின் நகலை வீட்டில் வைத்துவிட்டு, நீங்கள் ஆஜரானதற்கான ஒப்புதலை நிலையத்தில் கேட்டு வாங்குங்கள்.

இந்த நோட்டீசை வாட்ஸ்ஆப்பில் அனுப்புவது செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. காணொளி அழைப்பில் சீருடையோடு தோன்றி ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று மிரட்டுபவர்கள் மோசடிக்காரர்கள். அப்படியொரு கைது எந்தச் சட்டத்திலும் இல்லை. பணம் அனுப்பிவிட்டிருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் இணையக் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள்.

6. வாக்குமூலத்தில் கையெழுத்து வேண்டாம்

பிரிவு 180-இன் கீழ் காவல் அதிகாரி கேட்கும் கேள்விகளுக்கு உண்மையான பதில் சொல்லும் கடமை உங்களுக்கு உண்டு. ஆனால் உங்களையே குற்றத்தில் சிக்கவைக்கக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. அரசியலமைப்பின் 20(3) உறுப்பும் அதையே உறுதிசெய்கிறது. இப்படிச் சொன்னது எழுதப்பட்டால், பிரிவு 181-இன்படி அதில் சாட்சியின் கையெழுத்தை வாங்கக் கூடாது. புகாரில் கையெழுத்திடுவீர்கள், மகஜர் (சாட்சிகள் முன்னிலையில் எழுதப்படும் பதிவு) சாட்சியாக இருந்தால் மகஜரில் கையெழுத்திடுவீர்கள். விசாரணை வாக்குமூலத்தில் இல்லை. வெற்றுத் தாளில் எப்போதும் இல்லை. காவல் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றத்தில் குற்றச் சான்றாக நிறுவ முடியாது. அதன் வழியாகப் பொருள் ஏதேனும் கண்டெடுக்கப்பட்டால் அந்தப் பகுதி மட்டும் ஏற்கப்படும். நடுவர் முன்னிலையில் தரும் 183 வாக்குமூலம் கனமானது. வழக்கறிஞரிடம் பேசிய பின் அதைக் கொடுப்பது நல்லது.

7. தேடுதலும் பறிமுதலும்

வீட்டைத் தேட வந்தால் அப்பகுதியைச் சேர்ந்த இரண்டு பொதுச் சாட்சிகள் இருக்க வேண்டும். எடுத்த பொருட்களின் பட்டியலில் அவர்கள் கையெழுத்திட வேண்டும். அதன் நகல் வீட்டிலிருப்பவருக்குத் தரப்பட வேண்டும். பிரிவு 105 வந்த பின் தேடுதலும் பறிமுதலும் ஒலி-ஒளிப் பதிவு செய்யப்பட வேண்டும். கைப்பேசி எடுக்கப்பட்டால் மாடலும் ஐ.எம்.இ.ஐ. எண்ணும் பட்டியலில் உள்ளனவா என்று பாருங்கள். ‘ஒரு கருப்பு நிற செல்போன்’ என்று மட்டும் எழுதியிருந்தால் திரும்பப் பெறும்போது திண்டாடுவீர்கள்.

மீட்கப்பட்ட உங்கள் பொருள் வழக்கு முடியும் வரை நீதிமன்றத்திலேயே கிடக்க வேண்டும் என்பதில்லை. எங்கள் மடிக்கணினி மீட்கப்பட்டதும், வாங்கிய ரசீது, அடையாளச் சான்று, எஃப்.ஐ.ஆர். நகல் ஆகியவற்றோடு நடுவர் நீதிமன்றத்தில் பொருள் ஒப்படைப்பு மனு போட்டோம். விற்க மாட்டோம், கேட்கும்போது கொண்டுவருவோம் என்று பிணைப்பத்திரம் எழுதிக்கொடுத்த பின் கிடைத்தது. பொருளைப் படமெடுத்து விவரம் பதிந்த பின் 30 நாட்களுக்குள் உத்தரவிட வேண்டும் என்று பிரிவு 497 இப்போது சொல்கிறது; மனுவில் அதைக் குறிப்பிடுங்கள்.

8. கைது என்றால் முதல் 24 மணி நேரம்

கைது செய்பவர் தன் பெயரைத் தெளிவாகத் தெரியும்படி அணிந்திருக்க வேண்டும். கைதுக் குறிப்பாணை எழுதி, குடும்பத்தினர் ஒருவரோ அப்பகுதியின் மதிப்புக்குரிய ஒருவரோ சாட்சிக் கையெழுத்திட வேண்டும். கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும். உறவினருக்கோ நண்பருக்கோ உடனே தெரிவிக்க வேண்டும். மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும். விசாரணையின்போது தன் வழக்கறிஞரைச் சந்திக்கும் உரிமை உண்டு, ஆனால் விசாரணை முழுவதும் அவர் உடனிருக்க முடியாது. 3 ஆண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய குற்றத்தில் 60 வயது கடந்தவரையோ உடல் நலிந்தவரையோ துணைக் கண்காணிப்பாளரின் முன்அனுமதி இல்லாமல் கைது செய்ய முடியாது. சூரியன் மறைந்த பின்னும் உதிக்கும் முன்னும் பெண்களைக் கைது செய்வது விதிவிலக்கான நிலையில் மட்டுமே. அப்போதும் பெண் அதிகாரியும் நடுவரின் முன்அனுமதியும் வேண்டும்.

பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்தியாக வேண்டும். வீட்டில் இருப்பவர்கள் கைது நடந்த நேரத்தை உடனே எழுதி வையுங்கள், யார் யார் பார்த்தார்கள் என்பதையும். பிறகு குறிப்பாணையில் வேறு நேரம் இருந்தால் அந்தக் குறிப்பே உதவும். அடித்திருந்தால் ரிமாண்டின்போது, அதாவது காவலில் வைக்க உத்தரவிடும் நேரத்தில், நடுவரிடமே சொல்ல வேண்டும். அவர் கேட்கும் அந்த ஒரு நிமிடத்தில் பயந்து ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லிவிட்டால் பின்னர் நிறுவுவது கடினம்.

ரிமாண்டுக்குப் பின் 60 நாட்களுக்குள், மரண தண்டனை, ஆயுள், அல்லது 10 ஆண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றமானால் 90 நாட்களுக்குள், குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் பிணை உரிமையாகிவிடும். அது தானாக வராது. கெடு முடிந்த மறுநாள் காலையிலேயே மனு போட வேண்டும். அதற்கு முன் குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டால் அந்த உரிமை கைநழுவும்.

9. 90-ஆம் நாளும், அதற்குப் பின் வரும் தாளும்

புகார் கொடுத்தவருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ புலனாய்வின் முன்னேற்றத்தை 90 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று பிரிவு 193(3) சொல்கிறது. யாரும் தெரிவிக்காவிட்டால் குற்ற எண்ணைக் குறிப்பிட்டு ஒரு பக்கக் கடிதத்தில் கேளுங்கள். எனக்கு இரண்டாவது கடிதத்துக்குப் பதில் வந்தது.

வழக்கை முடித்துவிட முடிவெடுத்தால், ‘பொருண்மைப் பிழை’ என்றோ ‘கண்டுபிடிக்க இயலவில்லை’ என்றோ காரணம் காட்டி ஆர்.சி.எஸ். நோட்டீஸ் (வழக்கை முடிப்பதற்கான அறிவிப்பு) அனுப்புவார்கள். அதை வாங்கி வைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். முடிப்பு அறிக்கையை ஏற்கும் முன் புகார்தாரரின் பேச்சைக் கேட்க நடுவர் வாய்ப்பளிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1985-இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. அந்த வாய்ப்பைப் பயன்படுத்தி எதிர்ப்பு மனு தாக்கல் செய்யலாம். விசாரிக்கப்படாத சாட்சி யார், கைப்பற்றப்படாத பதிவு எது என்று பெயரோடும் தேதியோடும் அதில் எழுதுங்கள். இந்த நோட்டீஸ் எஃப்.ஐ.ஆரில் உள்ள முகவரிக்கே வரும். ஆகவே இடையில் வீடு மாறினால் புதிய முகவரியை நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் எழுத்தில் தெரிவித்து, அதற்கும் ஒரு முத்திரையிட்ட படி வாங்கி வையுங்கள்.